கையில் பிடித்துப் பார்த்து வாங்கிய ட்ரில்

மனிதன் நிமிர்ந்து நின்ற நாள் முதல் அவன் கண் உயரத்தின் மேலேயே இருந்திருக்கிறது. மரம் ஏறினான், மலை ஏறினான், கோபுரம் கட்டினான், கடைசியில் நிலவிலேயே கால் வைத்துவிட்டு வந்தான். இந்த மாபெரும் பயணத்தில் ஏறியவர்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கீழே நின்று, ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை நோண்டிக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று சொன்னவரைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கதை.

அவருடைய விசிட்டிங் கார்டில் 'நிர்வாக இயக்குநர்' என்று போட்டிருந்ததால் நாமும் மரியாதையாக எம்.டி. என்றே அழைப்போம். ஜன்னல்களுக்குத் திரைச்சீலையும் பிளைண்டும் மாட்டிக் கொடுப்பது அவருடைய நிறுவனம். அதில் மொத்தம் மூன்று பேர்: எம்.டி., அவர் மனைவி, மனைவியின் தங்கை. மனைவி அளவெடுப்பார், துணி வெட்டுவார், தைப்பார், போன் எடுப்பார், வேன் ஓட்டுவார். மச்சினி ஏணியில் ஏறுவாள், துளை போடுவாள், கம்பியை மாட்டுவாள், இறங்கி வந்து சிந்திய தூசியைக் கூட்டிப் பெருக்குவாள். மற்ற எல்லாப் பொறுப்பும் எம்.டி.யுடையது.

எம்.டி. ஏன் ஏறுவதில்லை என்று யாராவது கேட்டால் அதற்குத் தயாராக ஒரு சிம்னி இருந்தது. இளம் வயதில் அவர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாராம். அங்கே எல்லாரும் ஏறப் பயந்த சிம்னியில் கயிறுகூடக் கட்டாமல் ஏறினாராம். உச்சியில் நின்று பார்த்தபோது பறவைகளின் முதுகு தெரிந்ததாம். ஏற வேண்டிய உயரத்தையெல்லாம் அன்றே ஏறி முடித்துவிட்டதால், இப்போது அடுத்தவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார். வாடிக்கையாளர் வீட்டு சோபா எவ்வளவு உயர்ந்த ரகமோ அவ்வளவு உயரத்துக்கு அந்தச் சிம்னியும் வளரும்.

உண்மை என்னவென்றால் எம்.டி.க்கு உயரம் ஆகாது. பால்கனிக் கொடியில் காயும் சட்டையை எடுத்து வரச் சொன்னால், சுவரோடு ஒட்டி நின்று கையை மட்டும் நீட்டி, கைக்கு எட்டிய சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, மற்றதெல்லாம் இன்னும் காயவில்லை என்பார். நிறுவனம் கட்டிக்காத்த ஒரே தொழில் ரகசியம் இதுதான். அது தமக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அவர்களிடம் ஒரு பழைய ஹேமர் ட்ரில் இருந்தது. எம்.டி. தாமே பார்த்துப் பார்த்து வாங்கியது. ட்ரில் என்றால் எடுத்தவன் கைக்குத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கைக்கு மட்டுமில்லை, தோளுக்கு, முதுகுக்கு, இடுப்புக்கு எல்லாம் தெரிந்தது. கயிறு மாதிரி நீண்ட வயரைப் பிடித்து அறைக்கு அறை தரதரவென்று இழுத்துப் போக வேண்டியிருந்ததால் வீட்டில் அதற்குக் கன்னுக்குட்டி என்று பெயர். கன்னுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி உச்சியில் நின்று, தலைக்கு மேலே பிடித்து, கான்கிரீட்டில் அழுத்தி அழுத்தி, ஒரு நாள் மச்சினியின் வலது தோள் இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கனமான எதையும் இனி தலைக்கு மேலே தூக்கினால், பிறகு தலை வாருவதற்கே இன்னொருவர் கை வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். மச்சினிக்கு நீளமான முடி. நாக்கு அதைவிட நீளம். அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அத்தான், எனக்கு மாத்திப் போட வேற தோள் கிடையாது. அடுத்த வாரம் ஸ்கூல் வேலை வருது. அதுக்குள்ள வயர் இல்லாததா, எடுத்தா எடுத்ததே தெரியாததா ஒரு ஹேமர் ட்ரில் வாங்கிடுங்க. இல்லன்னா ஸ்கூல்ல நீங்க ஏறுங்க. நான் கீழ நின்னு 'பாத்து, பாத்து'ன்னு சொல்றேன்."

எம்.டி.யின் கவளம் பாதி வழியில் நின்றது. உதவி தேடி மனைவியைப் பார்த்தார்.

"நியாயம்தானே," என்றார் மனைவி. "சிம்னியே ஏறினவருக்கு ஒரு ஸ்கூல் ஹால் என்னங்க பெரிய விஷயம்."

அந்த முகத்தில் கேலி ஏதும் இருக்கிறதா என்று எம்.டி. தேடினார். அதற்குள் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து எம்.டி. ஆராய்ச்சியில் இறங்கினார். ஏணியைத் தவிர வேறு எதில் இறங்கவும் ஏறவும் அவருக்குத் தயக்கம் இல்லை. தாடி வைத்த வெளிநாட்டுக்காரர்கள் கொட்டகைகளில் நின்றுகொண்டு ட்ரில்களை ஒப்பிடும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தார். மொழி புரியாத வீடியோக்களில்தான் உண்மையைப் பேசுகிறார்கள் என்பது அவர் எண்ணம். டார்க், கிரிப், பேலன்ஸ் என்ற சொற்கள் வீட்டில் உப்பு, புளி, மிளகாய்க்குச் சமமாகப் புழங்கின. மனைவி துணிப் பார்சல்களை நிறுக்க வைத்திருந்த தராசை எடுத்து வந்து, இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, தம்முடைய செருப்பு, கன்னுக்குட்டி என்று ஒவ்வொன்றாக எடை போட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும் அதன் அம்மா பார்த்துவிட்டதால் தப்பித்தது.

ஆராய்ச்சியின் முடிவில் ஒரு மாபெரும் மோசடியைக் கண்டுபிடித்தார். கம்பெனிக்காரர்கள் பெட்டியின் மேல் போடும் எடை, பேட்டரியைச் சேர்க்காத எடை. பேட்டரியை மாட்டினால் கனம் எங்கேயோ ஏறிவிடுகிறது. அவ்வளவு பொடி எழுத்தில் போட்டிருந்ததை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் படித்த பெருமையோடு, அன்று மாலை குடும்பத்துக்கே அறிவித்தார்.

"ஊரையே ஏமாத்தறானுங்க. ஆனா நான் பெட்டிய நம்பி வாங்கற ஆள் இல்ல. பேட்டரியோட, என் கையில பிடிச்சுப் பாத்துதான் வாங்குவேன்."

அதில் ஒரு தவறும் இல்லை. இந்தக் கதையில் அவர் சொன்ன மிகச் சரியான வார்த்தை அதுதான். அதனால்தான் அத்தனை கேடும் வந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எடை குறைந்த ட்ரில்கள் எல்லாம் வீடியோவில் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன. குட்டையாக, பச்சையும் நீலமுமாக, குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாம்போல. இத்தனை வருடமாகக் கன்னுக்குட்டியைக் காட்டி வாடிக்கையாளர்களை மிரட்டி வைத்திருந்த நிறுவனம், திடீரென்று அப்படி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தால் பெயர் என்ன ஆவது? ஆக, எம்.டி. கேட்டது எளிமையான ஒன்றுதான். தூக்கினால் பஞ்சாக இருக்க வேண்டும், பார்த்தால் பீரங்கியாக இருக்க வேண்டும்.

கருவிக் கடைக்கு மச்சினியையும் அழைத்துக்கொண்டு போனார். தோள் அவளுடையது என்பதால் அது மட்டும் தவிர்க்க முடியாததாக இருந்தது. கடையின் ஒரு பக்கச் சுவர் முழுக்க ட்ரில்கள், துப்பாக்கிக் கிடங்கு மாதிரி வரிசையாகத் தொங்கின. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கட்டை. அதில் யார் வேண்டுமானாலும் துளை போட்டுப் பார்க்கலாம். கட்டைக்குமேல் பச்சை நிறத்தில் சின்னதாக ஒரு ஹேமர் ட்ரில், பேட்டரியோடு, சோதனைக்குத் தயாராகக் கிடந்தது. கடைப்பெண் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினாள். ஏணி வேலை செய்கிறவர்கள் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள் என்றாள்.

எம்.டி. அதை இரண்டு விரலால் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது முடி காய வைக்கற மெஷின்தானே?"

கடைப்பெண் அதைத் திரும்ப வாங்கிக் கட்டைமேல் வைத்தாள். அவளுக்கு இது பழக்கம்.

எம்.டி.யின் கண் அதற்குள் சுவருக்குப் போய்விட்டது. நடுநாயகமாக, கறுப்பும் சிவப்புமாக, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அடியில் செங்கல் அளவு பேட்டரி, மூக்கு நீண்டு, சண்டைக்கு நிற்பதுபோல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கனத்தை எதிர்பார்த்து மூச்சை இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் ட்ரில் அவர் நெற்றிவரை வந்து நின்றது.

அதில் கனமே இல்லை.

எம்.டி. அதைக் கையை நீட்டிப் பிடித்தார். தலைக்கு மேலே பிடித்தார். ஒரு விரலில் தொங்கவிட்டார். முகத்தில் ஞானம் கிடைத்தவரின் அமைதி வந்தது.

"பேட்டரியோட," என்றார் மெதுவாக. "பேட்டரியோடம்மா. இந்தா, பிடி."

மச்சினி இடது கையால் வாங்கினாள். பிறகு வலி இருந்த வலது கைக்கு மாற்றி, பயந்து பயந்து மேலே தூக்கினாள். தோள் ஒன்றும் சொல்லவில்லை. பல நாளுக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது. "ஐயோ அத்தான், இதுக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"அதுக்குப் பேர்தான் டெக்னாலஜி."

"சார், அது வந்து, அதுக்குள்ள நிஜமாவே—" என்று கடைப்பெண் ஆரம்பித்தாள்.

எம்.டி. கையை உயர்த்தினார். "தெரியும்மா. மெக்னீசியம் பாடி."

"இல்ல சார், தொங்கறதெல்லாம்—"

"இங்க பாரும்மா, நான் பொடி எழுத்தையெல்லாம் படிச்சுட்டு வந்திருக்கேன். எனக்கு நீ விக்க வேண்டாம். நானே வாங்கிக்கறேன். இதே மாடல், புதுப் பெட்டி, சீல் உடைக்காதது."

கடைப்பெண் மூன்றாம் முறையும் வாயைத் திறந்தாள். எம்.டி. அதற்குள் சிம்னியில் பாதி தூரம் ஏறிவிட்டிருந்தார். அந்த நாளில் இப்படி ஒரு ட்ரில் மட்டும் தம் கையில் இருந்திருந்தால் என்று தொடங்கிவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டு பில் போடப் போனாள். சிம்னி முடியும்வரை அங்கே நிற்க வேண்டும் என்று அவளுடைய வேலையில் விதி எதுவும் இல்லை.

பெட்டியை மச்சினி தொடக்கூடாது என்று எம்.டி. பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டதால், கடை ஆள் ஒருவர் அதை, மனைவி காத்திருந்த வேன்வரை தூக்கி வந்தார். அவர் மூச்சு வாங்குவதை மச்சினி கவனித்தாள்.

"என்ன அத்தான், பெட்டி இவ்ளோ கனக்குது?"

"ரெண்டாவது பேட்டரி, சார்ஜர், கேட்லாக் எல்லாம் இருக்குல்ல."

"கேட்லாக்கா?"

"நல்ல கம்பெனி கேட்லாக் கனமாத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றார். வாடிக்கையாளர் கண் முன்னால் சீலை உடைத்தால்தான் மதிப்பு என்று எம்.டி. தடுத்துவிட்டார். பேட்டரி கம்பெனியிலிருந்தே பாதி சார்ஜோடு வரும் என்று வீடியோவில் பார்த்திருந்தார். பெட்டி வரவேற்பறையில், டிவிக்குப் பக்கத்தில், வந்து போகிறவர்கள் பார்க்கும்படி வைக்கப்பட்டது.

பள்ளிக்கூட வேலை விடுமுறையில் நடந்தது. பெரிய கூட்ட அரங்கு. ஒரு பக்கம் முழுக்க உயரமான ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே கான்கிரீட் பீம் ஓடியது. அதில் துளை போட்டுத்தான் திரைக்கம்பியை மாட்ட வேண்டும். சாதாரண ட்ரில் அந்தப் பீமைத் தடவிக் கொடுக்கும், அவ்வளவுதான். தலைமையாசிரியை தாமே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டேஷன் கொடுக்கப் போன அன்றே அவருக்குச் சிம்னி சொல்லப்பட்டிருந்தது. பள்ளிக்கூடம் என்பதாலோ என்னவோ, அன்று அது தன் வாழ்நாளிலேயே மிக உயரமாக இருந்தது.

ஏணி நிறுத்தப்பட்டது. எம்.டி. பெட்டியை அரங்கின் நடுவே வைத்து, சீல் உடைத்து, எடை குறைந்த கருவிகளின் எதிர்காலம் பற்றித் தலைமையாசிரியைக்கு நாலு வார்த்தை சொன்னார். பெண்கள்கூட, காயம்பட்ட தோள்கூட, குழந்தைகூட என்று அடுக்கிக்கொண்டே ஒரு கையை உள்ளே விட்டு ட்ரில்லை எடுத்தார்.

எடுக்க முடியவில்லை. கை மட்டும் வெளியே வந்தது.

எங்கேயாவது மாட்டியிருக்கும் என்று குனிந்து பார்த்தார். எதிலும் மாட்டவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். கறுப்பும் சிவப்புமாக அதே ட்ரில், அதே மூக்கு, அதே கைப்பிடி. ஆனால் சுவரில் பார்த்ததற்கும் இதற்கும் நடுவில் அது எங்கேயோ போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். கொஞ்சம் குறைந்தது. கேட்லாக்கைத் தேடினார். ஒரே ஒரு தாள், நாலாக மடித்தது.

மச்சினி அதை வாங்கி, இடுப்புவரை தூக்கி, அப்படியே தரையில் வைத்தாள்.

"அத்தான், இது கன்னுக்குட்டியோட அப்பா."

"பெட்டி மாத்திட்டானுங்க," என்றார் எம்.டி. "இல்லன்னா டூப்ளிகேட். நான் கையில பிடிச்சது இது இல்ல."

மனைவி கடைக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். கடைப்பெண்ணின் குரல் அரங்கு முழுக்கத் தெளிவாகக் கேட்டது. பள்ளிக்கூட அரங்குகளை அதற்காகத்தான் கட்டுகிறார்கள்.

"மேடம், சார் கையில பிடிச்சது டிஸ்ப்ளே பீஸ். செவுத்துல தொங்கறதெல்லாம் வெறும் கூடு. உள்ள மோட்டாரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. மூணு தடவ சொல்ல வந்தேன். சார் மெக்னீசியம்னு சொல்லிட்டாரு."

தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மனைவி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

தலைமையாசிரியையைத் தவிர அரங்கில் மிச்சமிருந்தது ஏணி, கனமான ட்ரில், மச்சினி, எம்.டி. மச்சினி போய் ஏணியின் காலருகே நின்றுகொண்டாள். வலது கையைத் துப்பட்டாவால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இடது கையால் ஏணியைப் பிடித்தாள். பிறகு, எம்.டி.யே அசந்துபோகும் அளவுக்கு அவருடைய குரலிலேயே சொன்னாள்.

"பாத்து அத்தான், பாத்து."

"சாரே ஏறப் போறாரா?" என்று தலைமையாசிரியை ஆர்வமாகத் திரும்பினார். "சிம்னி ஏறினவர் ஏறறத நானும் பாத்ததில்ல."

எம்.டி.க்கு ஏறுவதைத் தவிர வேறு வழி எல்லாம் அடைபட்டது. அப்படியும் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் போய்த் தட்டிப் பார்த்தார். ஏணியின் நாலு காலும் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தரை வழுக்குகிறதா என்று செருப்பால் தேய்த்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். பிறகு மாட்டினார். மூடிய அரங்கில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பிடித்துப் பார்த்தார். ட்ரில்லை முதலில் எடுத்துப் போக வேண்டாம், பீமை ஒரு முறை ஆய்வு செய்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னார். கடைசியில் ஏணியின் இரண்டு பக்கச் சட்டத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி ஏறினார்.

ஏறி நின்றார்.

அங்கிருந்து உலகம் வேறாக இருந்தது. அரங்கின் தரை எங்கோ தொலைவில் மினுமினுத்தது. தலைமையாசிரியையின் நாற்காலி சின்னதாகத் தெரிந்தது. காதுக்குள் ஏதோ இரைந்தது. ஏணி ஆடுகிறதா, தாம் ஆடுகிறோமா என்று எம்.டி.யால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கீழே பார்க்கக்கூடாது என்று எங்கேயோ கேட்டது நினைவுக்கு வந்து மேலே பார்த்தார். மேலே பீம், இன்னும் உயரத்தில், இரக்கமில்லாமல் நீண்டு கிடந்தது.

"ட்ரில்லத் தரட்டுமா அத்தான்?"

"அவசரப்படாத. பீம்ல ஒரு விஷயம் இருக்கு."

"என்ன விஷயம்?"

"அது இங்க இருந்து பாத்தாத்தான் தெரியும்."

தலைமையாசிரியை எழுந்து வந்துவிட்டார். என்ன விஷயம் என்று அவரும் கேட்டார். எம்.டி. கண்ணை மூடிக்கொண்டு, பீமில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் தெரிகிறது என்றார். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, பரவலாக என்றார். தலைமையாசிரியையின் முகம் மாறியது. கட்டடம் கட்டியவரை வரச் சொல்ல வேண்டும் என்று தம் கைப்பையில் போனைத் தேடத் தொடங்கினார். ஒரு பொய்யை மறைக்க எம்.டி. ஒரு பள்ளிக்கூடத்தையே இடிக்கத் தயாராகிவிட்டார் என்பதை மச்சினி புரிந்துகொண்டாள்.

"மேடம், வேண்டாம். அவருக்குக் கண்ணு சரியில்ல," என்றாள்.

எம்.டி. மறுக்கவில்லை. முதல் முறையாக அவர் எதையும் மறுக்கவில்லை என்பதைக் கவனித்துத்தான் அவள் ஏணியிலிருந்து கையை எடுக்காமல் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அது சாம்பல் பூத்திருந்தது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

இதற்குள் மனைவி திரும்பி வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. ஸ்பீக்கரை அணைத்தபின் அவர் கடையில் கேட்டதெல்லாம், தங்கை வீட்டில் சொல்லிச் சிரித்த அந்தப் பச்சை நிற முடி காய வைக்கிற மெஷின் இருக்கிறதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, ஸ்கூட்டரில் கொடுத்து அனுப்ப முடியுமா என்பதுதான். மச்சினி துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு அதை வாங்கினாள். முழங்கையை உடம்போடு சேர்த்து, தோளை உயர்த்தாமலேயே மேலே பிடித்தாள். தோள் ஏதாவது சொல்கிறதா என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. கன்னுக்குட்டி இருக்கும் கனத்தில் பாதிகூட இல்லை. உள்ளே மோட்டாரும் இருந்தது. விசையை அழுத்தி அதையும் உறுதி செய்துகொண்டாள்.

இப்போது எல்லாம் தயார். ஏணியில் மட்டும் ஆள் இருந்தது.

"என்னங்க, இறங்குங்க," என்றார் மனைவி.

"வர்றேன்."

வரவில்லை. எம்.டி.யின் வலது கை, இடது கை முதலில் விடட்டும் என்று காத்திருந்தது. இடது கை, வலது கை விட்டபிறகு பார்க்கலாம் என்று இருந்தது. ஒரே கோப்பில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு அதிகாரிகள் மாதிரி.

தலைமையாசிரியை நல்ல மனசோடு தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம் மேடம், வந்தால் போட்டோ எடுப்பார்கள் என்றார் மனைவி. பள்ளிக் காவலாளி யாரும் சொல்லாமலேயே விளையாட்டு அறைக்கு ஓடி, உயரம் தாண்டுகிற பிள்ளைகள் விழும் கனத்த மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து, ஏணிக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடுங்கள் சார், ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்னார். எம்.டி. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

கடைசியில் மச்சினி பச்சை ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவருடைய இடது கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"அத்தான், நான் தினமும் ஏறறேன். எனக்கும் முதல் நாள் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு கைய மட்டும் விடுங்க. நான் பிடிச்சிருக்கேன். பாத்து."

இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை. அதைக் கேட்டு எம்.டி.க்கு என்னவோ செய்தது. ஒரு கையை விட்டார். பிறகு ஒரு காலை எடுத்தார். பிறகு அவர் மெத்தையின் மேல் நான்கு காலில் நின்றுகொண்டிருந்தார், மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மச்சினி ஏறினாள். பச்சை ட்ரில் ஒரு சின்ன உறுமல் உறுமி, பீமுக்குள் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. சாயங்காலத்துக்குள் எல்லா ஜன்னலுக்கும் கம்பி ஏறிவிட்டது. கான்கிரீட் தூசி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் தலையில் மாவாகக் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். போன் பையில் இருந்தது.

மச்சினி இப்போது தன் தலையைத் தானே வாரிக்கொள்கிறாள். கறுப்பு சிவப்பு ட்ரில்லை, சீல் உடைத்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அது வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எம்.டி. சிம்னிக் கதையை அடியோடு விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, ஒரு பள்ளிக்கூட அரங்கில், யாரும் கவனிக்காத விரிசல் ஒன்றைத் தேடி, கையில் கருவிகூட இல்லாமல் தாம் ஏணியில் நின்ற நாளைப் பற்றிச் சொல்கிறார். கேட்பவர்களின் சோபாவைப் பொறுத்து அந்த ஏணியும் வளர்கிறது. மனைவியும் மச்சினியும் குறுக்கே பேசுவதில்லை.

அன்று அவர் நின்றிருந்தது இரண்டாவது படி. அடுக்கிய மெத்தைக்கு வர அவர் கொஞ்சம் மேலே ஏற வேண்டியிருந்தது.